இரண்டு டிஸ்க்கும் நலம், மிஷின்தான் எழுந்திருக்கவில்லை

வியாழக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்த வேலை ஞாயிறு மத்தியானம்தான் முடிந்தது. இரண்டு டிஸ்க், ஒரு ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர்), அதன்மேல் டெபியன் 12 என்ற லினக்ஸ். எழுதிப் பார்த்தால் ஒரு வரி. நானும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன்.

இடம் நண்பர் ஒருவரின் ஆடிட்டர் அலுவலகம். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அத்தனை பேருடைய கணக்குக் கோப்புகளும், கிளையன்ட் ஃபோல்டர்களும், ஸ்கேன் செய்த ரசீதுகளும் மூலையில் இருந்த ஒரு பழைய பிசியின் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன, அந்த டிஸ்க் வேறு சில நாட்களாக டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இருபதாம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள். அதற்குள் ஒரு கோப்பு சர்வர் வேண்டும், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக் கூடாது. கேட்டது இவ்வளவுதான். "நிற்கக் கூடாது" என்ற சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது சனிக்கிழமைதான் உறைத்தது.

மிஷின் ஒரு சின்ன டவர், யூஇஎஃப்ஐ போர்டு (பழைய பயாஸுக்குப் பின் வந்த ஃபர்ம்வேர், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்), 16 ஜிபி ரேம். டிஸ்க்குகள் இரண்டும் 4 டிபி, ஆனால் புதியவை அல்ல, வேறோர் இடத்தில் ஓய்வு பெற்ற லினக்ஸ் சர்வரிலிருந்து கழற்றி வந்தவை. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரம் பார்த்தேன், மாற்றி ஒதுக்கிய செக்டர் பூஜ்யம், காத்திருக்கும் செக்டர் பூஜ்யம், ஓடிய மணிக்கணக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போர்டின் பயாஸ் அமைப்புத் திரையில், டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டாவின் முறையை ரெய்டு என்று மாற்றும் வசதி இருந்தது. அலுவலகத்துப் பையன், கம்ப்யூட்டர் பக்கம் ஆர்வமுள்ளவன், "அண்ணே, இதையே ஆன் பண்ணிட்டா முடிஞ்சுதே?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மாதிரி போர்டுகளில் வரும் ரெய்டில் தனியாக ஒரு கன்ட்ரோலர் சிப் எதுவும் உழைப்பதில்லை. பூட் ஆகும்வரை ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்ளும், அதற்கப்புறம் எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் டிரைவர் தலையில். நாளைக்கு போர்டு போனால் அதே வகை போர்டைத் தேடி அலைய வேண்டிவரலாம். லினக்ஸின் சொந்த எம்டி ரெய்டு அப்படி இல்லை, டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் மிஷினில் மாட்டினாலும் திறந்துகொள்ளும். அதனால் சாட்டாவை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறையிலேயே விட்டேன்.   

முதல் சிக்கல்: நான் கட்டாத மிரர்

டிஸ்க்குகளை மாட்டுவதற்கு முன்பே வீட்டில் வைத்துத் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். டிடி கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கின் முதல் 100 எம்பியைப் பூஜ்யமாக்கினேன். பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல், முன்னால்தானே இருக்கிறது, அது போனால் டிஸ்க் காலி. அவசரத்தில் செய்கிற எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

இன்ஸ்டாலர் பார்ட்டிஷன் கட்டத்துக்கு வந்ததும், டிஸ்க்கில் ஜிபிடி (இப்போதைய பார்ட்டிஷன் டேபிள் வகை) அடையாளம் தெரிகிறது, ஆனால் முன்னால் இருக்க வேண்டிய எம்பிஆர் (முதல் செக்டர்) சரியில்லை, இது ஜிபிடி டேபிள்தானா என்று ஒரு கேள்வி கேட்டது. ஆமாம் என்றேன். அங்கேதான் முதல் கோணல். ஜிபிடி தன் டேபிளின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசி செக்டர்களில் வைத்திருக்கும். முன்னால் நான் அழித்ததைப் பின்னால் இருந்த நகலிலிருந்து எடுத்து, பழைய சர்வரின் பார்ட்டிஷன்களை அப்படியே உயிர்ப்பித்துக் கொடுத்தது இன்ஸ்டாலர். உயிர் பெற்ற இரண்டாவது பார்ட்டிஷன் 513-ஆவது எம்பியில் தொடங்குகிறது. நான் துடைத்ததோ 100 எம்பி. அந்தப் பார்ட்டிஷனுக்குள் பழைய ரெய்டின் சூப்பர்பிளாக், அதாவது ரெய்டு தன்னைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பு, தூசி படாமல் உட்கார்ந்திருந்தது. எம்டி ரெய்டின் இப்போதைய வழக்கமான வடிவம் 1.2, அது சூப்பர்பிளாக்கைப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதும். ரெய்டுகளைக் கட்டி நிர்வகிக்கும் எம்டி-ஆடம் கருவி அதைப் பார்த்தது, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அடையாள எண், சரி என்று மிரரைத் தானே கட்டி எம்டி127 என்று பெயர் வைத்துவிட்டது. வீட்டுக் கதவிலிருந்த எண்ணை அழித்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று நான் நினைத்திருக்கிறேன்.

127 என்ற எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கான்ஃபிக் கோப்பில் பெயர் சொல்லப்படாத, அல்லது வேறு ஹோஸ்ட்பெயரோடு (மிஷின் பெயரோடு) வந்த அரேவுக்கு (டிஸ்க் கூட்டுக்கு) எம்டி 127-இலிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கும். ஊர் தெரியாமல் வந்து சேர்ந்தவனுக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரி.

இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன்களை அழிக்கப் போனால் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. ஆல்ட்டும் எஃப்2-வும் அழுத்தி ஷெல்லுக்குப் போய், எம்டி-ஆடம் கொண்டு அரேவை நிறுத்தச் சொன்னேன். தனி உரிமை கிடைக்கவில்லை, ஏதாவது ப்ராசஸோ, மவுன்ட் ஆன கோப்பு முறையோ, இயங்கும் வால்யூம் குரூப்போ இருக்கலாம் என்றது. கடைசியாகச் சொன்னதுதான் விடை. பழைய மிரருக்குள் எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம் குரூப்பாக்கிப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) இருந்திருக்கிறது, அதுவும் தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. வால்யூம் குரூப்பை முதலில் முடக்கி, அப்புறம் அரேவை நிறுத்தி, அப்புறம் இரண்டு பார்ட்டிஷனிலும் சூப்பர்பிளாக்கை அழித்தேன். வெங்காயம் உரிப்பதுபோல மேலிருந்து உள்ளே போக வேண்டும், நடுவிலிருந்து பிய்க்க முடியாது.

அதோடு விடவில்லை. லைவ் யூஎஸ்பி ஒன்றில் பூட் செய்து, அடையாளங்களை அழிக்கும் வைப்-எஃப்எஸ் கொண்டு முதலில் பார்ட்டிஷன்களையும் அதற்குப் பிறகு முழு டிஸ்க்கையும் துடைத்தேன். இந்த வரிசை முக்கியம். முழு டிஸ்க்கை முதலில் துடைத்தால் பார்ட்டிஷன்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும், அவற்றின் உள்ளே இருக்கிற அடையாளங்கள் அங்கேயே கிடக்கும், பிறகு ஒருநாள் அதே இடத்தில் புதுப் பார்ட்டிஷன் போட்டால் மறுபடி முளைக்கும். கடைசியாக எஸ்ஜி-டிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியின் ஜாப்-ஆல் போட்டேன், அது முன்னால் பின்னால் இரண்டு ஜிபிடியையும் எடுத்துவிடும்.

வியாழன் இரவு பதினொன்று. சாப்பாடு ஆறிப்போனது.

இரண்டாவது சிக்கல்: டம்மி

வெள்ளிக்கிழமை காலை சுத்தமான டிஸ்க்குகளோடு மறுபடி. இந்த முறை ஒரு புத்திசாலித்தனம் செய்தேன், அதாவது அன்று அப்படித்தான் தோன்றியது. மிரர் என்றால் எல்லாமே மிரராக இருக்கட்டுமே என்று 512 எம்பி பூட் பார்ட்டிஷன்களையும் ரெய்டுக்குள் போட்டு எம்டி0, மீதி எல்லாவற்றையும் எம்டி1 என்று கட்டினேன். எம்டி0-வை ஃபேட்32 என்ற கோப்பு முறையாக்கி பூட்-இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுன்ட் செய்யச் சொன்னேன். இஎஃப்ஐ பார்ட்டிஷன் (ஃபர்ம்வேர் பூட் கோப்பைத் தேடும் இடம்) எதுவும் இல்லை, திரும்பிப்போய்ச் சரிசெய்கிறாயா என்று இன்ஸ்டாலர் கேட்டது. வேண்டாம், எனக்குத் தெரியும் என்று தாண்டினேன்.

எல்லா பேக்கேஜும் இறங்கி, கடைசியில் சிவப்புத் திரை. கிரப்-இன்ஸ்டால் டம்மி (கிரப்தான் லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்) தோல்வியடைந்தது, இது மீளமுடியாத பிழை என்று. டெபியனில் இதை முதல்முறை பார்க்கிறவர்கள் டம்மி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கிவிடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. பழைய பயாஸ் முறையில் கிரப்பை எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று சொல்ல வேண்டும், யூஇஎஃப்ஐ முறையில் டிஸ்க் பெயருக்கு வேலை இல்லை, அந்த இடத்தை நிரப்ப இன்ஸ்டாலர் டம்மி என்று ஒரு சொல்லைப் போடுகிறது. உண்மையான காரணம் ஆல்ட் எஃப்4 திரையில் ஓடும் லாகில்தான் இருக்கும்.

லாகைப் பார்ப்பதற்கு முன் வழக்கமான சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன்: யூஎஸ்பியை பயாஸ் முறையில் தவறிப்போய் பூட் செய்துவிட்டோமா? சிஸ்-ஃபர்ம்வேர்-இஎஃப்ஐ என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இருந்தால் யூஇஎஃப்ஐ. இருந்தது. இன்ஸ்டாலரின் முதல் மெனுத் தலைப்பே எந்த முறை என்று சொல்லும், அதையும் யாரும் படிப்பதில்லை. லாக் சொன்னது வேறு: கோப்புகளை எழுதியாயிற்று, ஆனால் பூட் பதிவை ஃபர்ம்வேரில் எழுத முடியவில்லை.

எப்படி முடியும்? ஃபர்ம்வேரின் பூட் பதிவில் இருப்பது ஒரு பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் அதற்குள் ஒரு கோப்பின் பாதையும். எம்டி0 என்பது பார்ட்டிஷன் அல்ல, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இரண்டு பார்ட்டிஷன்களை ஒன்றாக்கிக் காட்டுகிற ஒரு தோற்றம். கரண்ட் வந்த முதல் நொடிகளில் கெர்னல் எங்கே இருக்கிறது? ஃபர்ம்வேருக்குத் தெரிந்தது ஃபேட் ஒன்றுதான். அது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனைத் திறந்தால், 1.2 வடிவத்தில் தொடக்கத்தில் ரெய்டின் சொந்த விவரமும், அதற்கும் உள்ளே தள்ளி எங்கோ ஃபேட்டும் இருக்கும். ஃபேட் தொடங்க வேண்டிய இடத்தில் ஃபேட் இல்லை. எனவே பதிவு எழுதப்பட்டிருந்தாலும் மிஷின் பூட் ஆகியிருக்காது, சிவப்புத் திரை எனக்கு நல்லதுதான் செய்தது.

இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு, பலர் பயன்படுத்துகிறார்கள். 1.0 வடிவம் சூப்பர்பிளாக்கைப் பார்ட்டிஷனின் கடைசியில் எழுதும். அப்போது தொடக்கத்தில் சாதாரண ஃபேட் தெரியும், ஃபர்ம்வேர் ஏமாந்துபோய்ப் படித்துவிடும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஃபர்ம்வேர் படிக்க மட்டும் செய்தால் சரி. அப்டேட் சமயத்தில் அந்தப் பார்ட்டிஷனில் அது ஏதாவது எழுதினால், எழுதுவது ஒரு டிஸ்க்கில் மட்டும். இரண்டும் ஒன்றே என்று எம்டி நம்பிக்கொண்டிருக்கும், உள்ளே வேறு வேறாக இருக்கும், அடுத்த படிப்பு எந்த டிஸ்க்கிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே பேரேட்டை இரண்டு பேர் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் திருத்துகிற கதை. ஆடிட்டர் அலுவலகத்தில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

ஆக மூன்றாவது இன்ஸ்டால். இரண்டு டிஸ்க்கிலும் முதல் பார்ட்டிஷன் 512 எம்பி, ரெய்டு இல்லாத வெறும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். மீதி முழுவதும் இரண்டாவது பார்ட்டிஷன், இரண்டையும் சேர்த்து எம்டி0, அதன்மேல் எல்விஎம், அதற்குள் ரூட் (சிஸ்டம்), ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்), டேட்டா. ஸ்வாப்பையும் மிரருக்குள் போட்டதற்குக் காரணம் உண்டு. இடம் வீணாகிறது என்று டிஸ்க்குக்கு ஒன்றாக வெளியே வைக்கச் சொல்வார்கள், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க் போனால் அதில் ஸ்வாப் ஆகியிருந்த ப்ராசஸ்கள் கூடவே சாகும். 8 ஜிபி மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்.

பூட் ஆனது. மிரர் பின்னணியில் சமன் செய்துகொண்டிருந்தது. நொடிக்கு 150 எம்பி சுமாருக்கு 4 டிபி என்றால் ஏழு எட்டு மணி நேரம். அந்த நேரத்தில் மிஷினைப் பயன்படுத்தலாம், தவறில்லை, கொஞ்சம் மந்தமாக இருக்கும். விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது: கேபிளைப் பிடுங்கியபோது

சனிக்கிழமை காலை ரெய்டின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் பார்த்தால் அடைப்புக்குறிக்குள் யூயூ. இரண்டு டிஸ்க்கும் இயக்கத்தில், இரண்டும் நலம். பையன் சர்வரில் ஃபோல்டர்களை ஏற்ற ஆரம்பிக்கலாமா என்றான். கொஞ்சம் பொறு என்று மிஷினை அணைத்து, முதல் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன்.

பூட் ஆகும் சாதனம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டுலயும் ஒரே டேட்டாதான்னு சொன்னீங்களேண்ணே?" சொன்னேன்தான், அது பொய்யும் இல்லை. மிரருக்குள் இருப்பது எல்லாம் இரண்டிலும் இருந்தது. ஆனால் பூட் செய்கிற கோப்பு மிரருக்கு வெளியே அல்லவா இருக்கிறது, நானே வெள்ளிக்கிழமை வெளியே எடுத்து வைத்தேன். டெபியன் இன்ஸ்டாலர் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மட்டும் கிரப்பை எழுதும், இரண்டாவது டிஸ்க்கில் இருந்தது வெறும் காலி ஃபேட். உபுண்டு சர்வரில் 20.04 முதல் இன்னொரு டிஸ்க்கையும் பூட் சாதனமாகச் சேர்க்க முடியும், கிரப் பேக்கேஜும் அப்டேட்டின்போது இரண்டையும் பார்த்துக்கொள்ளும். டெபியனில் கையால் செய்ய வேண்டும்.

கேபிளை மறுபடி மாட்டி பூட் செய்து, இரண்டாவது டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனை பூட்-இஎஃப்ஐ2 என்று மவுன்ட் செய்தேன். முதலாவதில் இருந்த கோப்புகளை அப்படியே நகலெடுத்தேன். நகல் போதுமா என்று சந்தேகம் வரும். போதும், ஏனென்றால் அங்கே இருக்கும் கிரப்பின் சிறு கான்ஃபிக் கோப்பு ரூட் கோப்பு முறையை அதன் அடையாள எண்ணை வைத்துத்தான் தேடுகிறது, எஸ்டிஏ எஸ்டிபி என்று டிஸ்க் பெயர் எதுவும் அதில் இல்லை. கிரப்புக்கு எம்டி 1.2-வையும் எல்விஎம்மையும் தானே படிக்கத் தெரியும் என்பதால் பூட் டைரக்டரி மிரருக்குள் இருப்பதிலும் சிக்கலில்லை. பழைய கிரப்புக்கு இந்தத் திறமை கிடையாது, அதனால்தான் பழைய வழிகாட்டிகளில் பூட்டுக்கென்று தனியாக 0.90 வடிவ ரெய்டு போடச் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் உண்டு.

அடுத்து இஎஃப்ஐ-பூட்-மேனேஜர் கட்டளையால் இரண்டாவது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனுக்கு இன்னொரு பூட் பதிவு, டெபியன்2 என்ற பெயரில். இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். சில ஃபர்ம்வேர்கள் டிஸ்க் ஒன்றைக் காணவில்லை என்றதும் பதிவுகளை மாற்றியடுக்கும், சிலவற்றில் போர்டு பேட்டரி போனால் பதிவுகளே மறந்துபோகும். பதிவு எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் தேடுவது நிலையான ஒரு பாதையை: இஎஃப்ஐ டைரக்டரிக்குள் பூட் என்ற டைரக்டரி, அதற்குள் பூட்எக்ஸ்64. யூஎஸ்பி ஸ்டிக் எந்த மிஷினிலும் பூட் ஆவது இந்தப் பாதையால்தான். டெபியனின் கிரப்-இன்ஸ்டாலுக்கு அந்த இடத்திலும் கூடுதலாக ஒரு நகல் வைக்கச் சொல்லும் விருப்பம் உண்டு. அதை இரண்டு பார்ட்டிஷனிலும் செய்தேன்.

நான்காவது, நான் எதிர்பாராதது

மறுபடி அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, ஆன் செய்தேன். கிரப் மெனு வந்தது. பையன் கைதட்டினான். கெர்னல் ஏறியது, அப்புறம் திரை அரை நிமிடத்துக்குக் கிட்ட அசையவில்லை. இது இயல்பு. மிரரின் மற்ற பாதி எங்காவது தாமதமாக வருகிறதா என்று இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் ஏறும்வரை ஓடும் சிறு தற்காலிக சிஸ்டம்) காத்திருந்து பார்த்துவிட்டு, வராது என்று தெரிந்ததும் ஒற்றை டிஸ்க்கோடு அரேவை ஓட்டும். இந்த இடத்தில் பொறுமையில்லாமல் ரீசெட் அழுத்தி, ரெய்டு வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மிரர் ஏறியது, ரூட் மவுன்ட் ஆனது. அதற்கப்புறம் ஏதோ ஒரு அடையாள எண்ணுள்ள டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் ஓடும் கடிகாரம், ஒன்றரை நிமிடம். முடிந்ததும் எமர்ஜென்சி முறை. அதற்கும் மேல், ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது, என்டர் அழுத்து என்றது. என்டர் அழுத்தினால் திரும்பவும் அதே இடம். மறுபடி என்டர். மறுபடி அதே.

இரண்டு தவறு ஒன்றன்மேல் ஒன்றாக. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பூட்-இஎஃப்ஐ முதல் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அடையாள எண்ணோடு எழுதியிருக்கிறது, அந்த டிஸ்க்தான் இப்போது இல்லையே. மிஷின் ஓடுவதற்கு அந்த மவுன்ட் தேவையே கிடையாது, கிரப்பை அப்டேட் செய்யும்போது மட்டும்தான் வேண்டும். ஆனால் எஃப்எஸ்டேப்பில் வேறு குறிப்பு இல்லாமல் எழுதிய எதையும், மிஷினைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளும், 90 நொடி பார்க்கும், வராவிட்டால் பூட்டையே நிறுத்தும். கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்த பிறகு, வீடியோகாரர் வரவில்லை என்று தாலி கட்டாமல் வைத்திருப்பது போல. இரண்டாவது தவறு, இன்ஸ்டால் செய்யும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுக்காமல் விட்டது. சூடோ (சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாகி வேலை செய்யும் வழி) போதுமே என்றுதான் எல்லாரும் அப்படிச் செய்கிறோம். எமர்ஜென்சி முறைக்கு ரூட் பாஸ்வேர்டு வேண்டும், இல்லாத பாஸ்வேர்டை எங்கிருந்து கொடுப்பது.

யோசித்துப் பாருங்கள், இது இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு உண்மையிலேயே முதல் டிஸ்க் செத்து நடந்திருந்தால் எப்படி இருக்கும். டேட்டா முழுக்கப் பத்திரமாக இருக்கும். அதைத் தொட முடியாமல் எட்டுப் பேர் சுற்றி நின்றிருப்பார்கள். சத்தியமாக, கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வருவதற்கு முன் கட்டிக் கொடுத்த சர்வர்கள் சிலவற்றை நினைத்துக்கொண்டேன், வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே அவற்றில் இரண்டு இடத்துக்கு ஃபோன் செய்தேன்.

சரிசெய்தது எளிது. லைவ் யூஎஸ்பியில் போய் எஃப்எஸ்டேப்பின் இரண்டு இஎஃப்ஐ வரிகளிலும் நோஃபெயில் (வராவிட்டாலும் பூட்டைத் தொடர் என்ற குறிப்பு) சேர்த்தேன், சாதனத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பத்து நொடியாக்கினேன். ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை எழுதி உறையில் போட்டு நண்பரின் பீரோவில் வைக்கச் சொன்னேன். அதற்கப்புறம் ஒற்றை டிஸ்க்கோடு லாகின் திரைவரை வந்தது.

சோதனையே வினையாகும் இடம்

இப்போது இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி முதலாவதோடு பூட் செய்து பார்க்க வேண்டும். பையன் அதற்குள் கேபிளை மாற்றி மாட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

காரணம் இது. முதல் டிஸ்க் இல்லாமல் நாம் பூட் செய்தபோது இரண்டாவது டிஸ்க்கில் புதிதாக எழுதியிருக்கிறது, லாக், நேரம், எல்லாம். முதல் டிஸ்க் இப்போது பழையது. இந்த நிலையில் இரண்டாவதைக் கழற்றி முதலாவதை மட்டும் ஓட்டினால், அதிலும் தனியாக எழுதப்படும். அப்புறம் இரண்டையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் நான்தான் சரி என்று சொல்லும். எம்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு நிகழ்வு எண்ணிக்கை வைத்திருக்கிறது, அதை வைத்து எது புதியது என்று தீர்மானிக்கும், ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனியாக முன்னேறியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே போய்விடும்.

எனவே இரண்டையும் மாட்டி பூட் செய்தோம். எதிர்பார்த்தபடி எம்டிஸ்டாட்டில் ஒரு யூ, ஒரு அடிக்கோடு. பழைய பாதியை எம்டி தானாகச் சேர்க்கவில்லை. மறுபடி சேர்க்கச் சொல்லி ரீ-ஆட் கொடுத்தேன். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்து வைக்கும் உள் பிட்மேப் இருந்ததால் மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்து, நிமிடத்துக்குள் யூயூ ஆனது. பிட்மேப் இல்லாவிட்டால் இன்னொரு ஏழு மணி நேரம். அதற்கப்புறம்தான் இரண்டாவதைக் கழற்றிச் சோதித்தோம், அதுவும் நன்றாக எழுந்தது, மறுபடி சேர்த்தோம்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். முதல் டிஸ்க் இல்லாதபோது இரண்டாவது டிஸ்க் தன்னை எஸ்டிஏ என்று சொல்லிக்கொள்ளும். பெயரை நம்பி டிஸ்க்கைக் கழற்றினால் நல்லதைக் கழற்றிவிடுவோம். சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை மார்க்கரால் எழுதி இரண்டு டிஸ்க்கின் முகப்பிலும் ஒட்டினோம். ஞாயிறு காலை மீதமிருந்தவை: ஏபிடி ஒவ்வொரு முறை பேக்கேஜ் மாற்றியதும் முதல் இஎஃப்ஐயை இரண்டாவதுக்கு ஆர்சிங்க் (நகல்) செய்கிற, தானாக ஓடும் ஒரு சின்ன ஹூக், எம்டி-ஆடம் கான்ஃபிக்கில் நண்பரின் மின்னஞ்சல், அந்த மின்னஞ்சல் உண்மையில் போய்ச் சேர்கிறதா என்று ஒரு சோதனை ஓட்டம். போய்ச் சேரவில்லை. ஸ்பேமில் கிடந்தது.

எட்டு மாதம் கழித்து

முதல் டிஸ்க்தான் போனது. மாதத்தின் முதல் ஞாயிறு டெபியன் தானாக நடத்தும் முழுப் படிப்புச் சோதனையில் படிக்க முடியாத செக்டர்கள் வரிசையாக வந்து, எம்டி அதை வெளியே தள்ளியது. திங்கள் காலை பையன் மெயிலைப் பார்த்துவிட்டு அழைத்தான். அதற்குள் யாரோ வழக்கம்போல மிஷினை அணைத்து ஆன் செய்திருந்தார்கள், அது பாட்டுக்கு ஒற்றைக் காலில் எழுந்து வேலை செய்துகொண்டிருந்தது.

புது டிஸ்க்கை மாட்டியதும் நான் ஃபோனிலேயே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன். எஸ்ஜி-டிஸ்க்கின் பெரிய ஆர் விருப்பத்தால் பார்ட்டிஷன் டேபிளை நகலெடுக்கும்போது, ஆருக்குப் பக்கத்தில் வருவது புது டிஸ்க், அதாவது எழுதப்படப் போவது. கடைசியில் வருவதுதான் மூலம். நம் கை பழக்கத்துக்கு இது தலைகீழ். மாற்றிப் போட்டால் காலி டேபிள் போய் நல்ல டிஸ்க்கின்மேல் உட்காரும். அவன் கட்டளையை டைப் செய்து, என்டர் தட்டுவதற்கு முன் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். சரியாக இருந்தது. அப்புறம் பெரிய ஜி போட்டு அடையாள எண்களைப் புதிதாக்கி, இரண்டாவது பார்ட்டிஷனை அரேவில் சேர்த்து, முதலாவதை ஃபேட் ஆக்கி, எஃப்எஸ்டேப்பில் அதன் புது அடையாள எண்ணை மாற்றி, கோப்புகளை நகலெடுத்து, பூட் பதிவு போட்டான். புது டிஸ்க் முழுவதும் நிரம்ப வேண்டும், இதில் பிட்மேப் உதவாது. சாயங்காலம் ஆறரைக்கு யூயூ என்று படம் வந்தது.

செத்த டிஸ்க்கின் பூட் பதிவு மட்டும் ஃபர்ம்வேர் பட்டியலில் இன்னும் கிடக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அழிக்க வேண்டும்.